ஹலோ அண்ணனின் கைகள்

எங்கள் பள்ளியில் மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க "ஹலோ, ஹலோ" என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் ஒரே ஒருவர்தான். அதனால் அவருக்கு ஹலோ அண்ணன் என்ற பெயரே நிலைத்துவிட்டது. பதிவேட்டில் அவர் வேதியியல் ஆய்வக உதவியாளர். காலையில் சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். எங்காவது கூட்டம் என்றால் ஆம்ப்ளிஃபயர் மேசைக்கு ஓடி வந்துவிடுவார்.

நான் கணக்கு டீச்சர். எனக்குப் பொறுமை கிடையாது, அது ஊரறிந்த விஷயம். என்னைவிட மோசமான ஒருவரைக் காட்டச் சொன்னால் அவரைத்தான் காட்டுவேன். அவர் உட்கார்ந்து டீ குடித்து நான் பார்த்ததில்லை. ஒரு கையில் கோப்பை இருக்கும், இன்னொரு கை எதையாவது திருகிக்கொண்டிருக்கும். ஆடுகிற நாற்காலியைப் பார்த்தால் திருகாணியை முறுக்குவார். ஆடாத நாற்காலியையும் ஒரு சுற்று முறுக்கிவிட்டுத்தான் போவார்.

பள்ளிக்கு வருவதற்கு முன் ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் இருந்தவர். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒரு விழாவின் நடுவில் ஆம்ப்ளிஃபயர் புகைந்தது. எல்லோரும் விலகி நிற்க, இவர் போய் ஒயரைப் பிடுங்கி, வேறு ஒயரை இணைத்து, பத்தே நிமிடத்தில் அப்போதைய தலைமையாசிரியரின் குரலை மீட்டுக் கொடுத்தார். அந்தத் தலைமையாசிரியர் அதற்கு மேல் ஒன்றரை மணி நேரம் பேசினார். மீட்டிருக்கவே வேண்டாம் என்று அன்றைக்கே பலர் முணுமுணுத்தார்கள்.

சத்தம் வைக்கும் குமிழைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டி, யார் பேசினால் எவ்வளவு என்று பேனாவால் எழுதி வைத்திருப்பார். தலைமையாசிரியை, ஐந்து. தமிழ் ஐயா, நாலு. விளையாட்டு சார், ஒன்று. அவருக்கு மைக்கே தண்டம். எனக்கு மூன்று என்று எழுதி, பக்கத்தில் பொடி எழுத்தில் 'கோபமாக இருந்தால் இரண்டு' என்றும் எழுதியிருந்தார். அதைப் பார்த்த நாளில் இரண்டுதான் தேவைப்பட்டது.

யாருக்காவது இருமல் வந்தால், பேச்சு மறந்து "வந்து... வந்து..." என்று இழுத்தால், அவர் விரல் தானாகக் குமிழை இறக்கும். சமாளித்ததும் ஏற்றும். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. இப்படி எங்கள் எல்லோருடைய மானத்தையும் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

அவருடைய ஒரே மகள் எங்கள் பள்ளியில்தான் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்குத் திக்குவாய். மாணவர் தினத்தன்று, அந்த வருடம் பிள்ளைகள் என்னென்ன செய்தார்கள் என்று ஒரு மாணவர் மேடையில் அறிக்கை படிப்பது வழக்கம். இந்த முறை யார் படிக்கிறீர்கள் என்று கேட்டபோது அவள் கையைத் தூக்கினாள். பொறுப்பு என்னுடையது.

"நீ எழுதிக் குடு, வேற யாராவது படிக்கட்டும்," என்றேன்.

"பெஞ்சு தூக்கினது நாங்க, டீச்சர். எ... எழுதறதும் நான்தான். ப... படிக்கிறதுக்கு மட்டும் எதுக்கு வேற ஆளு?"

பெஞ்சு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கால்பந்து இறுதி ஆட்டத்தில் ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். போதாததற்கு அவள் வகுப்புப் பையன் ஒருவன் காலையும் உடைத்துக்கொண்டான். வகுப்பு இருப்பது மூன்றாவது மாடியில். இரண்டு மாதம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அலுவலகம் சொல்லிவிட்டது. அடுத்த சனிக்கிழமை வகுப்பில் மற்ற நாற்பது பேரும் வந்து, இருபது பெஞ்சு, அலமாரி, கரும்பலகை, சுவர்க் கடிகாரம் எல்லாவற்றையும் தரைத்தளத்துச் சாமான் அறைக்கு இறக்கிவிட்டார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சத்தம் கேட்டு ஓடிய நான் முதலில் கத்தினேன். பிறகு ஒரு பெஞ்சின் முனையைப் பிடித்தேன்.

அவள் பெயர் அறிக்கைக்கு முடிவான நாளிலிருந்து ஹலோ அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரே வாரத்தில் ஒன்பது சோதனைக் குழாய்களை உடைத்தார். என் வகுப்பு வாசலில் வந்து நிற்பார், போவார், திரும்ப வருவார்.

"அவளுக்கு எவ்வளவு வைக்கறதுன்னே தெரியல டீச்சர். மைக்ல பேசினதே இல்ல."

"வீட்டுல படிச்சுப் பாக்கறாளா?"

"ரூமைச் சாத்திக்கறா. கதவுல காதை வச்சேன். பொண்டாட்டி திட்டறா."

"அவளே வேணும்னு கேட்டதுண்ணே. விடுங்க."

"நடுவுல நின்னுட்டா அறுநூறு பேரும் சிரிப்பாங்க டீச்சர். என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

அவரைத் தேற்றினேனே தவிர, நானும் அதே பயத்தில்தான் இருந்தேன்.

மாணவர் தினத்தன்று அரங்கம் நிறைந்திருந்தது. நான் ஆம்ப்ளிஃபயர் மேசையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் நின்றுகொண்டிருந்தார். அவள் மேடையேறினாள், தாளைப் பிரித்தாள். "மா... மா..." என்று முதல் சொல்லிலேயே சிக்கினாள். ஹலோ அண்ணனின் விரல் குமிழை இறக்கியது. "மாணவர்" என்று வந்ததும் ஏற்றியது. யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அவள் ஒருமுறை மேசைப் பக்கம் பார்த்தாள்.

பேருந்து நிறுத்தச் சுவருக்கு வண்ணம் அடித்ததைச் சொன்னாள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் படித்துக் காட்டியதைச் சொன்னாள். நான் மூச்சு விட ஆரம்பித்தேன். கால் உடைந்த கதைக்கு வந்தாள்.

"அவனால் மாடி ஏற முடியவில்லை. அதனால்..."

நின்றுவிட்டாள். தலையை நிமிர்த்திக் கூட்டத்தைப் பார்த்தாள். என் பக்கத்தில் அவர் விரல் பாய்ந்து குமிழை அடிவரைக்கும் இறக்கியது. அடுத்த நொடி அவள் உதடு அசைந்தது. முதல் இரண்டு வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. பின்னால் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் சிக்கவில்லை. வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறாள். பத்து நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு பழகியது அந்த நிறுத்தத்தைத்தான்.

அவருக்கும் அது புரிந்துவிட்டது. பதற்றத்தில் குமிழை ஒரேயடியாக மேலே திருக, மைக் கூவென்று ஊளையிட்டது. அறுநூறு பேரும் காதைப் பொத்தினார்கள். அவள் மைக்கைத் தாங்கியோடு தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, மேடையின் விளிம்புக்கு வந்து நின்றாள்.

"என்ன சொன்னா?" என்று நடுவிலிருந்து ஒருவன் கேட்டான்.

இரண்டாம் வரிசைப் பெண் எழுந்து திரும்பிச் சொன்னாள்: "அதனால் மாடியைக் கீழே இறக்கினோம்."

நடு வரிசை சிரித்தது. அங்கிருந்து ஒருவன் பின்வரிசைக்குச் சொன்னான். கடைசி வரிசை சிரித்து முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு அடுத்த வாக்கியம். அதுவும் அதேபோல முன்னிருந்து பின்னுக்குப் போனது. யாரும் ஏற்பாடு செய்யவில்லை. பெஞ்சு தூக்கிய பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள். அவள் சிக்கிய இடங்களில் அரங்கமும் காத்திருந்தது. எப்படியும் ஒவ்வொரு வரிக்கும் காத்திருக்க வேண்டித்தானே இருந்தது. கடைசி வரி கடைசி வரிசையைத் தொட்டதும் எழுந்த கைதட்டலில் நான் அழுதுவிட்டேன். மறைக்கவில்லை.

ஹலோ அண்ணன் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார்.

கூட்டம் கலைந்ததும் அவள் வந்து, சின்ன வயதிலிருந்து செய்வதுபோல ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாள். நான் போயிருக்க வேண்டும், போகவில்லை.

"உன் மானம் போயிடக் கூடாதுன்னுதாம்மா குறைச்சேன்," என்றார்.

"தெ... தெரியும்பா." அவள் ஒயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆனா நீங்க குறைக்கறப்போ, மத்தவங்க சிரிக்கறதுக்கு முன்னாடி நீங்கதான் மு... முதல் ஆளா வெக்கப்படறீங்கன்னு தோணுது."

எதையோ திருகத் தேடிய அவர் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"எனக்கு நாலுன்னு எழுதி ஒட்டுங்க," என்றாள். "அப்புறம் தொடாதீங்க."

"சிக்கிக்கிட்டா?"

"சிக்கினா எல்லாருக்கும் கே... கேக்கட்டும்."

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் முறை அவள் வகுப்புக்கு. அவளே வந்தாள். டேப்பில் புதிதாக ஒரு நாலு இருந்தது. மூன்றாவது செய்தியில் 'பள்ளி' என்ற சொல்லில் சிக்கினாள். "ப... ப..." என்பது நாலு வைத்த சத்தத்தில் மைதானம் முழுக்கக் கேட்டது. பின்னால் யாரோ ஒருவன் சிரித்தான். நான் மனதுக்குள் ஏழு வரை எண்ணிவிட்டு மேசையைப் பார்த்தேன்.

ஹலோ அண்ணன் உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறை. இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் தன் முழு எடையையும் அழுத்திக்கொண்டிருந்தார். ஒன்பது எண்ணியபோது அவள் "பள்ளி" என்றாள், அடுத்த சொல்லுக்குப் போனாள். கடைசிச் செய்தி முடியும்வரை அவர் கைகளை வெளியே எடுக்கவில்லை.