அக்குளில் நைந்த லைனிங்

என் அக்கா வீட்டுக்காரரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டேப்பு என்றால்தான் தெரியும். எல்லாத் தையல்காரர்களுக்கும் கழுத்தில் அளவு டேப் தொங்கும். கடையைச் சாத்தும்போது கழற்றி ஆணியில் மாட்டுவார்கள். மாமா கழற்றமாட்டார். அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது, நர்ஸ் நீளத்தைச் சொன்னதும், "ஒரு நிமிஷம்மா" என்று டேப்பை உருவித் தானே ஒருமுறை அளந்து பார்த்தவர் அவர். அரை அங்குலம் இடித்தது. "பாப்பா காலை மடக்கியிருந்திருக்கும்மா, நீட்டிப் பிடிங்க" என்றார். நர்ஸ் அவரைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

யார் சொன்னாலும் நம்பமாட்டார். அவர் கடையில் அதிகம் கேட்கும் வாசகம், "போன வருஷ அளவே போதும்ப்பா" என்பதுதான். மாமா இடுப்பைச் சுற்றி டேப்பை ஓட்டுவார். ஆள் வயிற்றை எக்கிக்கொள்வார். "மூச்சை விடுங்க சார், தைக்கிறது உங்களுக்குத்தான்" என்பார் மாமா. பேன்ட் ஏறவில்லை என்று வருகிறவர்கள் துணி சுருங்கிவிட்டது என்பார்கள், துவைக்கிறவன் சரியில்லை என்பார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டேப் பொய் சொல்லாது சார்" என்று முடிப்பார்.

ஒருமுறை தழும்பை மறைக்கும் எண்ணெய் என்று தெருவில் ஒருவன் விற்றுக்கொண்டு வந்தான். மாமா முன்கையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட நீளமான தழும்பு உண்டு. ஒரு குப்பி வாங்கினார். தழும்பின் ஒரு பாதியில் மட்டும் தினமும் தடவினார், மறு பாதியைச் சும்மா விட்டார். குப்பி காலியானதும் கையை ஜன்னலோரம் நீட்டி, "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கு. பய ஏமாத்துறான்" என்றார். எனக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்த எந்த ஆசிரியரும் இப்படி ஒரு சோதனையைச் செய்து காட்டியதில்லை. அன்றிலிருந்து அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

இப்பேர்ப்பட்ட மனிதர், பூமி சூடாகிறது, அதற்குக் காரணம் நாம்தான் என்றால் மட்டும் சிரிப்பார்.

"காத்துல அந்தக் கரியமில வாயு எவ்வளவு இருக்குன்னு சொன்ன?"

"பத்தாயிரத்துல நாலு பங்கு, மாமா."

"நாலு பங்கு. அது இவ்வளவு பெரிய உலகத்தைச் சுட வைக்குதாம். நம்புற மாதிரியா இருக்கு?"

"நீங்க தைக்கிற கோட்டுக்குள்ள அடுப்பா இருக்கு? உடம்புச் சூட்டை வெளிய விடாம புடிச்சு வைக்குது, அவ்வளவுதான். உள்ள வைக்கிற லைனிங் எவ்வளவு மெல்லிசு, அதை எடுத்துட்டா கோட்டு கதகதப்பா இருக்குமா?"

கொஞ்சம் யோசித்தார். மடக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

"கோட்டுக்கு லைனிங் வச்சுத் தைச்சது நான். வானத்துக்கு யார் தைச்சா?"

"நாமதான். கரி, பெட்ரோல்னு எரிச்சு எரிச்சு."

"எரிச்ச கையைக் காட்டு, நம்புறேன். போ மச்சான், புஸ்தகத்தைப் படிச்சுட்டு வந்து என்கிட்ட அளக்காத."

அவர் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு கோட்டுதான் இருந்தது. நகராட்சிப் பள்ளியின் கருநீலக் கோட்டு. அக்காவைக் கல்யாணம் செய்வதற்கு முன்பிருந்தே அதை அவர்தான் தைத்துவந்தார். கடையின் வருஷ வேலையில் பாதி அது. அவர் வெட்டுவார், அக்கா லைனிங் வைத்து, பொத்தான் துளை போடுவாள். தெருவில் வரிசையாகப் பிள்ளைகள் போகும்போது மாமா தோள்பட்டைகளைத்தான் பார்ப்பார், முகங்களைப் பார்க்கமாட்டார்.

ஒரு வருஷம் பள்ளிக் காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள், ஒரு வாரத்தில் பலர். இந்த வெக்கையில் கோட்டு வேண்டாம் என்று தலைமையாசிரியை நகராட்சிக்கு எழுதினார். ஒரு தரப்பு உறுப்பினர்கள் அதோடு நிற்காமல், ஊர் எல்லையில் கரியைப் போட்டு எரிக்கும் செங்கல் சூளைகளுக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். எதிர்த் தரப்புக்குத் தலைவர் எங்கள் வார்டு கவுன்சிலர். சூளைகளில் பாதி அவருடையவை.

மறுநாளே கவுன்சிலர் மாமாவின் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வெயில் நேத்துதான் வந்துச்சா டேப்பு? எங்க அப்பா காலத்துல அடிக்காத வெயிலா? எல்லாம் இயற்கைச் சுழற்சி. நம்ம பிள்ளைங்க டீசன்டா கோட்டு போடுறது அவனுங்களுக்குப் பொறுக்கல. கூட்டத்துல நீ வந்து ரெண்டு வார்த்தை பேசு. உழைக்கிறவன் பேசினா எடுபடும்."

மாமா தலையாட்டினார். எனக்கு ரத்தம் கொதித்தது. தன் புகைபோக்கியைக் காப்பாற்ற ஒரு தையல்காரரின் சோற்றைக் கேடயமாகப் பிடிக்கிற ஆள். சூளை என்ற சொல் அவர் வாயில் ஒருமுறைகூட வரவில்லை. ஆனால் கோட்டு போனால் அடுப்பில் என்ன வைப்பது என்ற கேள்விக்கு, கோட்டு வேண்டாம் என்ற நல்லவர்களிடமும் பதில் இல்லை. அந்தக் கேள்வி அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அறிவியலை நம்பு என்று சொல்லிவிட்டு, அதற்கான விலையை மட்டும் கடைசி ஆளிடம் வசூலிப்பது எந்த ஊர் நியாயம்?

கூட்டத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன். பெரிய பிள்ளைகளின் கோட்டுகள் சின்னதுகளுக்காகப் பிரித்துத் தைக்க வந்து குவிந்திருந்தன. அக்கா ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் அக்குளில் லைனிங் உப்புப் பூத்து, நைந்து, விரல் பட்டாலே கிழிந்தது.

"களவாணிப் பய, மட்டமான லைனிங்கை நம்ம தலையில கட்டிட்டான்" என்றார் மாமா.

"கடையை மாத்தி மாத்தி வாங்கிப் பார்த்தாச்சே" என்றாள் அக்கா.

"அப்ப நூல் சரியில்ல."

"நூலையும் மாத்தியாச்சு. கிழியுறது தையல்ல இல்லைங்க, துணியில."

"பிள்ளைங்க ஒழுங்காத் துவைக்கிறதில்ல."

அக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

"இப்ப என்ன ஜோக் சொல்லிட்டேன்?"

"நேத்து அந்த வாத்தியார் பேன்ட் ஏறலைன்னு வந்து இதையேதான சொன்னார்? துணி சரியில்ல, துவைக்கிறது சரியில்லைன்னு. நீங்க அவருக்கு என்ன சொன்னீங்க?"

மாமா கழுத்து டேப்பைத் தடவினார்.

"தம்பி ஸ்கூல் போன கோட்டு ஞாபகம் இருக்கா? இவனுக்கு அப்புறம் ரெண்டு பேர் போட்டாங்க. கடைசில தூக்கிக் கொடுக்கும்போதுகூட லைனிங் அப்படியே இருந்துச்சு. அதுவும் நான் வச்சதுதான், முதல்ல வாங்கின அதே கடைத் துணிதான். பிள்ளைங்க அப்ப இப்படி வேர்க்கலைங்க."

மாமா ஒரு கோட்டை எடுத்து அக்குளில் விரலை விட்டார். விரல் மறுபக்கம் வந்தது. அடுத்ததை எடுத்தார். பிறகு அதற்கடுத்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா கண்ணாலேயே என்னை அடக்கினாள்.

நகராட்சிக் கூட்ட அறையில் ஏசி குளிரில் பல் தந்தியடித்தது. வெக்கையே இல்லை என்று வாதாடுவதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. ஊரிலேயே கோட்டு தேவைப்பட்ட ஒரே இடமும் அதுதான். மாமா தன் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கழுத்தில் டேப்.

கவுன்சிலர் சுழற்சியைப் பற்றி நீளமாகப் பேசினார். மனுஷனால மழையை வரவைக்க முடியுமா, அப்புறம் வெயிலை மட்டும் எப்படிக் கூட்ட முடியும் என்று கேட்டார். கைதட்டினார்கள். பிறகு, "இதோ, கோட்டைத் தைக்கிற தொழிலாளியே சொல்லட்டும்" என்று மாமாவைக் கைகாட்டினார்.

மாமா எழுந்து, பையிலிருந்து ஒரு பள்ளிக் கோட்டை எடுத்து உள்பக்கம் திருப்பிக் காட்டினார்.

"எனக்குப் பேச வராதுங்க. வெக்கை மனுஷனாலதான் கூடுதான்னு என் மச்சான் கூட இன்னும் சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா கூடியிருக்கு. இதைப் பாருங்க. கடையை மாத்தினேன், நூலை மாத்தினேன், பிள்ளைங்களைக்கூடத் திட்டினேன். அளவு மாறிடுச்சுங்க. அளவு மாறினா சட்டையைத்தான் மாத்தணும், டேப்பைத் திட்டக் கூடாது."

"நீ எந்தப் பக்கம்ப்பா?" என்றார் கவுன்சிலர்.

"டேப் பக்கம்ண்ணே."

அறையில் சிரிப்பு எழுந்தது. மாமா சிரிக்கவில்லை. கோட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

கோட்டு போனது. சூளைத் தீர்மானம் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது, அதாவது தூங்கப்போனது. புதிய அரைக்கைச் சட்டைக்கான ஆர்டரை எங்கோ ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார்கள். உண்மையைச் சொன்னவர் பாதி வேலையை இழந்தார், புகையை விட்டவர் புகையை விட்டுக்கொண்டே இருந்தார். நான் பொருமித் தீர்த்தேன். மாமா பொருமவில்லை. கம்பெனிச் சட்டை எந்தப் பிள்ளைக்கும் பொருந்தாமல், தாய்மார்கள் அதைப் பிரித்துத் தைக்க மாமாவிடமே கொண்டுவந்தார்கள். "ஆளைப் பார்க்காம அளவெடுத்திருக்கான்" என்று ஒவ்வொரு சட்டைக்கும் ஒருமுறை சொல்லிக்கொண்டே தைத்தார். பழைய வருமானம் இல்லை. பிழைப்பு ஓடியது.

சில மாதம் கழித்து, நான் கடையில் இருந்தபோது கவுன்சிலர் வந்தார். கோபம் ஆறியிருந்தது, ஊரில் வேறு யார் தைத்தாலும் அவர் உடம்பில் சரியாக உட்காரவில்லை.

"போன வருஷ அளவே போதும்" என்றார்.

மாமா டேப்பை ஓட்டினார். டேப்பில் அளவு கூடியிருந்த இடத்தைக் கவுன்சிலர் கண்ணெதிரே பிடித்தார்.

"அட, வயசானா தானா வரும்ப்பா. இயற்கைதான்."

மாமா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார்.

"தானா எப்படிண்ணே வரும்? உள்ள போனதுதான் வெளிய நிக்குது. தின்ன வாய் யாரோடது?"

சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். கவுன்சிலரின் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தார். எரிச்ச கையைக் காட்டு என்று கேட்டவர் அவர்தான்.

"மச்சான்" என்றார், டேப்பைச் சுருட்டியபடி. "இதை உங்க அக்காகிட்டப் போய்ச் சொல்லிடாத."

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் அக்கா, மிஷினை நிறுத்தாமல்.