சவூதி லொறிக்குப் பிரேக் பூட்டியது

கல்முனையில் நான் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த காலத்தில், கழற்றிய பழைய சாமானைக் காகிதத்தில் சுற்றி வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். அது எழுதாத சட்டம். வேலை முடிந்த பிறகு மேசையில் ஓர் ஆணி மிச்சம் கிடந்தாலும் திருத்தியவன் ஒன்றில் கள்ளன், இல்லாவிட்டால் மடையன். எனக்கு இந்த இரண்டு பட்டங்களும் வேறு வேறு வீதிகளில் கிடைத்திருந்தன.

எண்பதுகளின் நடுப்பகுதி. சவூதியில் கொண்டெயினர் லொறி ஓட்டும் லாபீர் காக்கா லீவில் வந்திருந்தார். மகன் ரிஸ்மிக்குச் சுன்னத்துக் கலியாணம். கதிரையில் உட்கார அந்த ஏழு வயது வீரன் ஒரே நிபந்தனைதான் வைத்தான்: வாப்பா கொண்டுவந்த ரிமோட் லொறி அவன் கையால் ஓட வேண்டும். லொறியோ பெட்டிக்குள் துண்டு துண்டாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு சுன்னத்துச் செய்யும் ஒஸ்தா மாமா கத்தியோடு வந்துவிடுவார். அதற்குள் பூட்டிக் கொடுப்பது என் பொறுப்பு.

வியாழக்கிழமை பூட்டி முடித்தேன். லொறி கடைக்குள் முன்னும் பின்னும் அழகாக ஓடியது. மேசையில் ஒரு சின்ன இரும்புத் தட்டு, இரண்டு கட்டைகள், வளைந்த கம்பி ஒன்று மிச்சம்.

"இதென்ன தம்பி?" என்றார் லாபீர் காக்கா.

"பிரேக் சாமான் காக்கா. இதுக்குத் தேவல்ல."

"லொறிக்குப் பிரேக் தேவல்லயா?"

விளக்கினேன். இதே சட்டகத்தில் பெற்றோல் என்ஜின் பூட்டிய விளையாட்டு லொறியும் செய்கிறார்கள், பிரேக் அதற்குரியது. இது பேட்டரி லொறி. ரிமோட் விசையை விட்டால் மோட்டாரே வேகத்தை இழுத்துப் பிடிக்கும். கொம்பனிக்காரன் இரண்டுக்கும் ஒரே பெட்டியைக் கட்டி அனுப்பிவிட்டான். இதைவிடத் தெளிவாக எவரும் விளக்கியிருக்க முடியாது என்று நினைத்தேன்.

"நான் பாலைவனத்துல நாப்பது டன் ஏத்தி ஓடுறவன். எனக்கிட்ட வந்து பிரேக் வேணாமெண்டு கதைக்கிறீங்க! என்ட மகன் பிரேக் இல்லாத வண்டி ஓட்டுறதா? பூட்டுங்க."

"பூட்டினா லொறி பழுதாகும் காக்கா."

"மிச்சம் வெச்சா ஒங்கட பேர் பழுதாகும்."

பூட்டினேன். என்ஜின் லொறியில் ரிமோட்டின் விசையைப் பின்னுக்குத் தள்ளினால் பிரேக். பேட்டரி லொறியில் அதே விசையைப் பின்னுக்குத் தள்ளினால் ரிவர்ஸ். ஆகவே என் கைவேலையில், லொறி பின்னுக்குப் புறப்படும் அதே கணத்தில் பிரேக்கும் பிடிக்கும்.

"முன்னுக்கு மட்டும் ஓட்டச் சொல்லுங்க," என்று கெஞ்சித்தான் கொடுத்தேன்.

"நல்ல டிரைவருக்கு ரிவர்ஸ் என்னத்துக்கு?" என்று வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை மனம் கேட்காமல் நானும் போனேன். ரிஸ்மி வெள்ளைச் சாரனோடு கதிரையில் இருந்தான், கையில் ரிமோட். லொறி நேரே ஓடி, ஒஸ்தா மாமாவின் பெட்டியில் முட்டி நின்றது.

"ரிவர்ஸ் எடு மனே, ரிவர்ஸ்!" என்று கத்தியது வேறு யாருமல்ல, லாபீர் காக்காதான்.

மோட்டார் முனகியது. பிரேக் விடவில்லை. லொறியின் வயிற்றிலிருந்து கறுப்புப் புகை கிளம்பியது.

"யா அல்லாஹ், பத்துது!" என்று பெண்கள் பக்கமிருந்து சத்தம். வீடே லொறியைப் பார்த்தது. ரிஸ்மியும் வாயைப் பிளந்து பார்த்தான். நான் பாய்ந்து பேட்டரி வயரைப் பிடுங்கிவிட்டு நிமிர்ந்தபோது ஒஸ்தா மாமா கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சி," என்றார்.

ரிஸ்மிக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. அவன் போட்ட சத்தத்தை மீறி லாபீர் காக்கா என் தோளில் தட்டினார்.

"பாத்தீங்களா தம்பி? பிரேக் புடிச்ச புடியில வேல முடிஞ்சி. இதத்தான் வேணாமெண்டீங்க!"

அடுத்த மாதம் ஒஸ்தா மாமா கடைக்கே வந்தார். "நிந்தவூர்ல ரெண்டு பொடியன், சரியான முரடு. அந்தப் புக லொறி ஒண்டு செஞ்சி தாங்களன்."

பேட்டரி லொறிக்குப் பிரேக் தேவையில்லை என்று அவருக்கும் முதலிலிருந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஓம் ஓம். அதோடயே செஞ்சி தாங்க."

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: தேவையில்லாத பாகத்தைத் தேவையில்லை என்று ஒரு தடவை சொல்லுங்கள். கேட்காவிட்டால் பூட்டிக் கொடுங்கள். கொடுத்துவிட்டு, ஒரு வாளி மணலோடு கூடவே போங்கள்.