மாப்பிள்ளை இல்லாத வேன்

தெய்வசிகாமணிக்குச் சங்கராபுரத்துக்கு மேற்கே மூன்று ஏக்கர் கரும்பு இருந்தது. ஆனாலும் ஊரில் அவரைக் கதைக்காரர் என்றுதான் சொன்னார்கள். உரக்கடையிலோ, ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும் இடத்திலோ யாராவது சும்மா உட்கார்ந்திருந்தால் தன் சினிமாக் கதையைச் சொல்லிவிடுவார். நாளடைவில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் அவரைக் கண்டதும் ஏதாவது ஒரு வேலையைச் செய்ய ஆரம்பித்தார்கள்.

கதை இதுதான். மாப்பிள்ளை வீட்டு வேன் கல்வராயன் மலையில் ஏறும்போது பழுதாகி நின்றுவிடுகிறது. எல்லாரும் ராத்திரியெல்லாம் அங்கேயே கிடக்கிறார்கள். விடிந்ததும் வேன் கிளம்பி மண்டபத்துக்கு வருகிறது. மேளம் கொட்டுகிறது. கதவைத் திறந்தால் எல்லாரும் இருக்கிறார்கள், மாப்பிள்ளை மட்டும் இல்லை. இந்த இடத்தில் தெய்வசிகாமணி நிறுத்தி, "இண்டர்வல்" என்பார்.

சினிமாக்காரர்களிடம் கதை சொல்வது எப்படி என்று செல்போனில் ஒருவர் பாடம் நடத்தினார். தயாரிப்பாளரோடு லிப்டில் ஏறினால் அவர் இறங்குவதற்குள் கதையைச் சொல்லி முடிக்க வேண்டும் என்பது முதல் பாடம். சங்கராபுரத்தில் லிப்ட் இல்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தது. மனைவி சந்தியா மூன்றாவது மாடியில் புடவை பார்த்த நேரம் முழுக்க இவர் ஏறி இறங்கிக் கதை சொல்லிப் பழகினார். கைக்குழந்தையோடு ஏறிய ஒரு அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "ஐயய்யோ, போலீஸ்ல சொன்னீங்களா?" என்று பதறினாள். தெய்வசிகாமணிக்குப் பரம திருப்தி.

அந்த வருஷம் தையில் வெள்ளிமலைக்கு ஒரு படப்பிடிப்புக் குழு வந்தது. இவர் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பைக்கில் மலையேறினார். இளமாறன் என்ற உதவி இயக்குநர் வழி மறித்தார்.

"யார் சார் நீங்க?"

கதையைத்தான் பழகியிருந்தாரே தவிர, தன்னைப் பற்றிச் சொல்ல ஒரு வரிகூடப் பழகவில்லை. கடைசியில், "கரும்பு போட்டுக்கினு இருக்கேங்க" என்றார்.

இளமாறனின் முகம் மலர்ந்தது. "வெட்டிட்டீங்களா? நிக்குதா?"

அவர்களுக்கு ஒரு சண்டைக்காட்சி எடுக்கக் கரும்புத் தோட்டம் தேவைப்பட்டது. தெய்வசிகாமணி தருவதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை, டைரக்டர் கதை கேட்க வேண்டும்.

சந்தியாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "வெட்டுற வெள்ளாமைல சண்ட போடப் போறாங்களாமா?" என்றாள். பிறகு, "வரப்போரமா போட்டுக்கச் சொல்லுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

நடுத்தோட்டத்தில்தான் போட்டார்கள். யானை புகுந்த மாதிரி கரும்பு படுத்துவிட்டது. சாப்பாட்டு இடைவேளையில் டைரக்டர் காசிநாதன் குடையின் கீழ் தட்டோடு உட்கார்ந்து, "சொல்லுங்க" என்றார். தெய்வசிகாமணி சொன்னார். டைரக்டர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நல்லா இருக்கு. மாப்பிள்ளை எங்க போனான்?"

"அதாங்க சஸ்பென்ஸு."

"படம் பாக்கறவங்களுக்கு சஸ்பென்ஸ் சரி. உங்களுக்கு?"

இத்தனை வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை. இண்டர்வல் என்றதும் எல்லாரும் எழுந்து போயிருந்தார்கள். "தெரியலைங்களே சார்" என்றார்.

அதற்குள் மேக்கப்காரர், மாப்பிள்ளை பழைய காதலியோடு போய்விட்டான் என்றார். ஜெனரேட்டர் ஓட்டுபவர் கரடி அடித்துவிட்டது என்றார். வெட்டுப்பட்டுச் செத்த வேஷத்தில் இருந்த ஒருவர், செத்த இடத்திலிருந்தே, "அவனுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமே இல்ல சார்" என்றார். அடுத்த ஷாட் வைக்க இளமாறன் பலமுறை கத்த வேண்டியிருந்தது. போகும்போது டைரக்டர் தன் நம்பரைக் கொடுத்து, "கண்டுபிடிச்சுட்டுக் கூப்பிடுங்க" என்றார்.

தெய்வசிகாமணி வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா ஆச்சு? கதை புடிக்கலியா?"

"புடிச்சிருக்காம். மாப்ள எங்க போனான்னு கேக்கறாரு."

"எங்க போனான்? அங்கியேதான் நின்னுகினு இருப்பான்" என்றாள் சந்தியா. "வண்டிக்குத் தண்ணி ஊத்தணும்னு கேன எடுத்துக்கினு ஓடைக்குப் போயிருப்பான். அதுக்குள்ள வண்டி ஸ்டார்ட் ஆயிருக்கும். நிறுத்துனா மறுபடி நின்னுடும்னு டிரைவர் ஓட்டிக்கினே வந்துருப்பான். முன்னால இருக்கறவங்க அவன் பின்னால இருக்கறான்னு நெனப்பாங்க. பின்னால இருக்கறவங்க முன்னாலன்னு நெனப்பாங்க."

"கல்யாண மாப்ளைய எவனாவது மறப்பானா?"

"திருவண்ணாமலைக்குப் போனமே, நீங்க என்னிய டீக்கடைல வுட்டுட்டு வர்ல? மூங்கில்துறைப்பட்டு தாண்டித்தான் நான் எங்கன்னு யாரோ கேட்டாங்கன்னு சொன்னீங்க."

அவருக்கு மறந்தே போயிருந்தது. அவள் குழம்பை ஊற்றியபடி கோபமில்லாமல், மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அப்ப நீ இன்னா பண்ண?" என்று கேட்டார். இதையும் அதுவரை கேட்டிருக்கவில்லை.

"இன்னா பண்றது, நின்னுகினு இருந்தேன். மொத ஒரு மணி நேரம் அழுகையா வந்துச்சு. அப்புறம் டீக்கடைக்காரம்மாகிட்ட பேசிக்கினு இருந்தேன். அப்புறம், நீங்க வரலன்னா இன்னா பண்ணலாம்னு நெனச்சேன். அது நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்குள்ள வந்துட்டீங்க."

தெய்வசிகாமணி குழம்புச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவியதும் டைரக்டருக்குப் போன் போட்டு, பாதி சொல்லித் திணறி, போனை அவளிடமே நீட்டினார். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து சொன்னாள். நடுவில், வேனில் வந்தவர்கள் சீர்த்தட்டுகளையெல்லாம் எண்ணியதாகவும், ஆளை எண்ணவில்லை என்றும் புதிதாக ஒன்றைச் சேர்த்தாள். சொல்லி முடித்ததும், லைன் கட்டாகிவிட்டதோ என்று அவள் போனைத் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் மெட்ராஸ் வாங்கம்மா" என்றது குரல்.

டைரக்டரே தயாரிப்பாளர் முன் நின்றுதான் கதை சொல்ல வேண்டும் என்பது தெய்வசிகாமணிக்குச் சென்னையில்தான் தெரிந்தது. குடையின் கீழ் அதிகாரமாக உட்கார்ந்திருந்த காசிநாதனுக்கு அந்தக் குளிர் அறையில் வியர்த்துக் கொட்டியது. சந்தியா எழுந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். தயாரிப்பாளர் போனைப் பார்த்தபடியே கேட்டு, ஓரிடத்தில் போனைக் கவிழ்த்து வைத்தார். முடிவில், "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். வெளியே வந்ததும் காசிநாதன், "கவுத்து வெச்சாருல்ல? நல்ல சகுனம்" என்றார். கதைக்கு இருவர் பெயரையும் போட்டுச் சினிமா எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்தார்கள். சந்தியாவின் பெயர் முதலில் வந்தது. எழுதச் சொன்னது தெய்வசிகாமணிதான்.

தயாரிப்பாளர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். ஆவணியில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்த மறுதாம்புக் கரும்பில் அப்போது காய்ந்த சோகையை உரிக்க வேண்டும் என்பதால் கிழமையை முன்கூட்டியே கேட்டுச் சொல்லுமாறு சந்தியா இளமாறனுக்குச் சொல்லிவிட்டாள். உரக்கடையில் இப்போது ஆட்களே தெய்வசிகாமணியை நிறுத்தி, மாப்பிள்ளை என்ன ஆனான் என்று கேட்கிறார்கள். "அத எங்க வூட்டுக்காரம்மாதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, மூட்டையை பைக்கில் வைத்துக் கட்டுகிறார்.