உப்புத் தண்ணீர் தின்ற பாய்லர் குழாய்

அறுபதுகளில் எம். புதுப்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன். குச்சியில் ஏற்றும் மெழுகை நேராகத் தீயில் காய்ச்சுவது ஆபத்து. அதனால் தனிக் கொட்டகையில் சின்ன பாய்லர் வைத்து நீராவியில் உருக்குவோம். பாய்லருக்குள் தண்ணீர் நிற்கும். அதன் நடுவே ஓடும் இரும்புக் குழாய்கள் வழியாக அடுப்பின் அனலும் புகையும் போகும். கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருபது பெண்கள் சட்டத்தில் குச்சி அடுக்குவார்கள்.

மழை பொய்த்த வருஷம் அது. நல்ல தண்ணீர்க் கிணறு வற்றிவிட்டது. உப்புக் கிணற்றுத் தண்ணீரை பாய்லருக்கு விடலாமா என்று மேனேஜர் கேட்டார். குழாயெல்லாம் புதுசு, தாங்கும் என்று சொன்னவன் நான்தான்.

ஆறு மாதம் ஓடியது. ஒருநாள் காலையில், பாய்லருக்கு விறகு போடும் சுடலை என்னைத் தேடி வந்தார்.

"அண்ணே, அடுப்பு சீறுது. காஞ்ச விறகுதான் போடுதேன்."

போய்ப் பார்த்தேன். அடுப்புக்குள் எங்கிருந்தோ தண்ணீர் சொட்டுகிற சத்தம். குழாய் எங்கோ ஓட்டை, வெடித்தாலும் வெடிக்கும், பாய்லரை நிறுத்தணும் என்று மேனேஜரிடம் சொன்னேன். சீசன் ஆர்டர் நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கும் அதுவே சரி என்று தோன்றத் தொடங்கியது. சுடலை விறகைக் கீழே வைத்தார்.

"போடச் சொன்னா போடுதேன். குச்சி அடுக்குத அந்தப் பிள்ளைகளை வெளியே அனுப்பிட்டுச் சொல்லுங்க."

அதற்கு மேல் பாய்லரை ஓட்ட எனக்கு மனசு வரவில்லை. நெருப்பை வெளியே இழுத்துப் போடச் சொன்னேன்.

மறுநாள், சூடு ஆறியதும் தண்ணீரை வடித்துவிட்டு மூடியைக் கழற்றினோம். மேல் வரிசைக் குழாயைச் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டினேன். சுத்தியல் முனை அப்படியே உள்ளே இறங்கிவிட்டது.

குழாயை வெட்டி வெளியே எடுத்தோம். தண்ணீர் பட்ட பக்கம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். இரண்டு குழிகளுக்கு நடுவே இரும்பு முழுக் கனத்தோடு இருந்தது. குழிக்கு அடியிலோ காகிதக் கனம்கூட இல்லை. உப்பும் சூடும் சேர்ந்து, சத்தமே இல்லாமல், இடம் பார்த்து இடம் பார்த்துத் தோண்டியிருந்தன. இப்படியும் ஒன்று நடக்குமா என்று வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் குழிகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "நீரு வாராவாரம் குழாயைப் பாத்தீருல்லா?" என்று கேட்டார்.

பார்த்தேன்தான். பிரஷ் விட்டுத் துடைத்து, வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். அத்தனையும் குழாயின் உள்ளே, புகை போகும் பக்கம். கைக்கு எட்டிய பக்கத்தைப் பார்த்துவிட்டு, குழாய் நன்றாக இருக்கிறது என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.