ஆற்றுக்குத் திரும்பிய பன்னிரண்டு மீன்கள்

ஜங்ஷன் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதை டைப் அடிக்கிறேன். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

பாபநாசத்தில் குளிப்பவர்கள் பாவம் தொலையட்டும் என்று உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள் இல்லையா, அந்தத் துணியை வைத்தே ஆற்று அழுக்கைப் பற்றி ஒரு அனிமேஷன் படம் எடுக்கிறேன்.

ஒரு சாக்கு நிறைய அள்ளி வந்து, அலசிக் காயப்போட்டு, பன்னிரண்டு மீன் தைத்தேன். மீனை ஒரு விரற்கடை நகர்த்தணும், கேமராவை ஒரு நொடி ஓட்டி நிறுத்தணும். மூன்று வாரமாக இதே வேலை.

கேமரா, கல்யாண வீடியோ எடுக்கும் நண்பனுடையது. நாளை சாயங்காலம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கடைசிக் காட்சி பாக்கி.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தால், மேசையில் ஒரு மீன்கூட இல்லை.

"அக்கா, மீனெல்லாம் எங்க?"

"ஊரான் பாவத்த வீட்டுக்குள்ள பரத்தி வச்சா வெளங்குமாலே? பஸ் ஏறிப் போயி ஆத்துலயே விட்டுட்டு வந்துட்டேன்."

"பாபநாசத்துக்கா போன?"

"பின்ன? எடுத்த எடத்துலதான விடணும்."

அப்போதுதான் கவனித்தேன், அக்கா வேறு சேலையில் இருந்தாள்.

"காலையில கட்டியிருந்த பச்சைச் சேல எங்கக்கா?"

"அதையெல்லாம் தொட்டுத் தூக்கியிருக்கேன். அந்தச் சேலையோட வீட்டுக்கு வருவாங்களாக்கும்? முங்கிட்டு அங்கனயே விட்டுட்டேன்."

இதைவிட நல்ல கடைசிக் காட்சி எனக்குக் கிடைக்காது. எடுக்கத்தான் மீன் இல்லை.

உங்களில் பாவமே செய்யாதவர் யாராவது இருந்தால், மீன் தைக்க ஒரு பழைய வேட்டி வேண்டும். அக்கா விசாரித்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள்.