அவள் அழிக்காத பாட்டு

என் கணவர் சவுதிக்குப் போகும் முன்பு, எங்கள் பாப்பாவுக்காக ஒரு தாலாட்டை என் செல்போனில் பாடிப் பதிந்து கொடுத்தார். இடையிடையே பாப்பா சிரிப்பதும் அதில் கேட்கும். அதைப் போட்டால்தான் அவள் தூங்குவாள்.

அந்தப் பாட்டை நாத்தனார் புளூடூத்தில் தன் போனுக்கு எடுத்துக்கொண்டது தெரிந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்கிட்ட கேக்காம எப்பிடிட்டி எடுத்த? இப்பமே அழி" என்றேன். அவள் போனில் எதையோ அழுத்திவிட்டு, "அழிச்சாச்சி மைனி" என்றாள்.

பிறகொரு நாள், மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் என் போனின் மெமரி கார்டில் சினிமாப் பாட்டு ஏற்றி வாங்கினேன். யாருடைய பாட்டையும் யாரிடமும் கேட்டு ஏற்றவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் நானூறு பாட்டு இருந்தது. கார்டில் இருந்த பழையதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் ஏற்றியிருக்கிறார்கள். அவர் குரல் இல்லை. அவரை மறுபடி பாடச் சொல்லலாம். பாப்பாவின் அந்தச் சிரிப்புக்கு எங்கே போவேன்?

நான் அழுவதைப் பார்த்து நாத்தனார் தன் போனை நீட்டினாள்.

"நான் அழிக்கல்ல மைனி, பொய் சொன்னேன். எனக்கும் எங்க அண்ணன் குரலைக் கேக்கண்டாமா?"

பாப்பா தூங்கிய பிறகும் நாங்கள் இருவரும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். அந்த வீட்டில் அவருக்காக ஏங்குவது நான் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.