பரந்தன் வீதியில் ஒரு பஸ்ஸும் பதினேழு சாட்சிகளும்

முல்லைத்தீவுக்கு வாடகை வான் பிடிக்காமல் பஸ்ஸில் போய்வர முடியுமா? இரண்டு வருடங்களுக்கு முன் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து வானில் போன கதையை இங்கே எழுதியதிலிருந்து இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. தனியாகப் போகும் ஒருவருக்கு, அதுவும் என்னைப்போல் மாதச் சம்பளத்தில் ஊர் சுற்றும் பெண்ணுக்கு, வான் கூலி கட்டுப்படியாகாது. நானே போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கடந்த ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை திருகோணமலையிலிருந்து புறப்பட்டேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாகப் போகலாம். ஆனால் கிளிநொச்சியிலிருந்து ஒன்றரை மணித்தியாலப் பயணத்துக்கு எனக்குச் சரியாக நான்கு மணித்தியாலம் எடுத்தது. அதில் ஒரு நிமிடம்கூட வீண் என்று நான் நினைக்கவில்லை.

வவுனியா வரை பஸ், அங்கிருந்து ரயிலில் கிளிநொச்சி. நகரத்துக்குள் ஒரு விடுதியில் ஒற்றை அறை 4,000 ரூபாய். காலைச் சாப்பாடு கிடையாது, ஆனால் பக்கத்துக் கடையில் இடியப்பமும் சம்பலும் நன்றாக இருக்கும். சனிக்கிழமை விடியற்காலையில் ஓட்டோவில் இரணைமடுக் குளத்துக்குப் போனேன். போக வர, அரை மணி நேரக் காத்திருப்போடு 1,500 ரூபாய். ஆவணியில் தண்ணீர் வற்றி, கரையில் சேறு வெடித்துக் கிடக்கும். அந்தச் சேற்றில் மேயும் பறவைகளைப் பார்ப்பதென்றால் அதுதான் காலம். குளம் நிரம்பியிருப்பதைப் பார்க்க ஆசையென்றால் தை மாதம் போங்கள்.

பதினொன்றரைக்கு கிளிநொச்சி பஸ் நிலையத்தில் முல்லைத்தீவுத் தனியார் பஸ்ஸில் ஏறினேன். ரிக்கற் 220 ரூபாய். ஏறக்குறைய அறுபது கிலோமீற்றர் தூரம். பரந்தனில் கிழக்கே திரும்பி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு வழியாகப் போகும் வீதி. எனக்கு முன் ஆசனத்தில் ஒரு பெண் இருந்தார், முப்பத்தைந்து வயதிருக்கும். அவருக்குப் பக்கத்திலும் மடியிலும் பெரிய வெள்ளை அட்டைப்பெட்டிகள். பெயர் ஜெயராணி. கிளிநொச்சிக்குப் பக்கத்துத் திருவையாற்றில் வீட்டிலேயே கேக் அடித்து விற்கிறவர். அன்றைக்குப் பின்னேரம் முல்லைத்தீவில் ஒரு கலியாண வரவேற்பு. மூன்று தட்டுக் கேக்கைத் தனித்தனியாகப் பெட்டியில் வைத்து, அங்கே போய் அடுக்கிப் பூ வைப்பதாகத் திட்டம்.

"ஓட்டோவில கொண்டுபோனா காசு முழுக்க ஓட்டோக்கே போயிடும். அதுதான் கேக்குக்கும் ஒரு ரிக்கற் எடுத்தனான்," என்று சிரித்தார். நாலு மணிக்கு மண்டபத்தில் கொடுக்க வேண்டும். நேரம் தாராளமாக இருந்தது.

பரந்தன் சந்தி வரை பஸ் ஒழுங்காகத்தான் போனது. அங்கே யாழ்ப்பாணத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் பஸ் எங்களுக்குச் சற்று முன்னால் திரும்பியது. எங்கள் சாரதி ஹோர்னில் வைத்த கையை எடுக்கவேயில்லை. இலங்கையில் பஸ் ஏறுகிறவர்களுக்கு இது விளங்கும். முன்னால் போகிற பஸ்ஸுக்குத்தான் வழியில் நிற்கும் சனம் கிடைக்கும். தருமபுரத்தில் நாங்கள் முந்தினோம். விசுவமடுவில் அவர்கள் முந்தினார்கள். ஒரு முதியவர் இறங்கி மற்றக் கால் தரையில் படமுன்னரே பஸ் எடுபட்டது. நான் முன் ஆசனக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, கொஞ்சம் பாத்து ஓடச் சொல்லுங்கோ," என்றார் ஜெயராணி.

நடத்துநர் இளம் பெடியன். "அக்கா, இது கேக் ஏத்திற பஸ் இல்லை. பயமெண்டா இறங்கி அடுத்ததில வாங்கோ."

"அப்ப கேக்குக்கு ரிக்கற் காசு வாங்கினது ஆர்?"

பஸ்ஸில் சிரிப்பு எழுந்தது. நடத்துநரும் சிரித்தார். சாரதிக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை.

உடையார்கட்டுக் கடைத்தெருவில் அது நடந்தது. மற்ற பஸ் யாரையோ ஏற்றுவதற்காக இடப்பக்கம் ஒதுங்க, எங்கள் சாரதி அதைத் தாண்டி வலப்பக்கத்துக்கு முழுதாகப் போனார். எதிரே ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டி வந்த மனிதருக்குப் பின்னால் புத்தகப் பையோடு ஒரு சிறுமி. அவருக்குத் தெருவே இல்லை. தார் வீதியை விட்டு மணலுக்குள் இறக்கினார். சைக்கிள் சறுக்கி இருவரும் விழுவதை என் பக்க யன்னலால் கண்டேன். அந்தப் பிள்ளையின் செருப்பு தனியாகத் தெருவில் கிடந்தது.

"நிப்பாட்டு! நிப்பாட்டடா!" பஸ் முழுக்கக் கத்தியது. ஜெயராணி எழுந்தே விட்டார். சாரதி கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். நிற்கவில்லை. அதுவரை எனக்கிருந்தது பயம். அதன்பிறகு பயம் போய், ஆத்திரம் வந்தது.

புதுக்குடியிருப்பு நகரத்துக்குள் நுழையும் இடத்தில், மர நிழலில், போக்குவரத்துப் பொலிஸார் வேகம் அளக்கும் கருவியோடு நின்றார்கள். ஒரு சார்ஜன்ட், கூடவே தமிழ் பேசும் பெண் கொன்ஸ்டபிள். கை நீண்டது, பஸ் நின்றது. அப்படியொரு நிம்மதியோடு பொலிஸை நான் பார்த்ததேயில்லை.

"எண்பத்து மூண்டு. ரவுணுக்குள்ள அம்பதுக்கு மேல ஓடேலாது எண்டு தெரியாதோ?" என்று கொன்ஸ்டபிள் கேட்டார். சாரதி அனுமதிப்பத்திரத்தை நீட்டிக்கொண்டு இறங்கினார். நடத்துநர் எங்களைப் பார்த்து, "அஞ்சு நிமிசம், தண்டத்தை எழுதிப்போட்டு விட்டிடுவினம்," என்றார்.

உண்மையில் அப்படித்தான் முடிந்திருக்கும். ஜெயராணி மடியில் இருந்த பெட்டியை என் கையில் தந்துவிட்டு இறங்கினார்.

"மிஸ், வேகம் மட்டும் இல்லை. உடையார்கட்டில ஒரு அப்பாவையும் பிள்ளையையும் விழுத்திப்போட்டு நிக்காமல் வாறார்."

"பொய்! நான் ஒருத்தரிலயும் முட்டேல்லை!" என்றார் சாரதி.

கொன்ஸ்டபிள் சார்ஜன்டுக்குச் சிங்களத்தில் சொல்லிவிட்டு, பஸ் படியில் ஏறி எங்களைப் பார்த்தார். "கண்ட ஆக்கள் வாக்குமூலம் தந்தா வழக்கு வேற. ஆபத்தா ஓடினதுக்கு நீதிமண்டம் போகும். ஒருத்தரும் தராட்டி வேகத்துக்கு மட்டும்தான் நான் எழுதலாம்."

"வாக்குமூலம் எண்டா ரெண்டு மணித்தியாலம் போகும்," என்று நடத்துநர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "பேந்து கோட்டுக்கும் இழுப்பினம். யோசிச்சுச் செய்யுங்கோ."

சற்று முன் கத்திய பஸ் அப்படியே அடங்கியது. பொலிஸ், நீதிமன்றம் என்றால் இந்தப் பக்கத்துச் சனம் இரண்டு முறை யோசிக்கும். அதற்குக் காரணங்கள் உண்டு. நானும் வெளியூர்க்காரி, எனக்கேன் வம்பு என்று ஒரு கணம் பெட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முதல் என்ரையை எழுதுங்கோ," என்றார் ஜெயராணி. "எனக்கு நாலு மணிக்குக் கேக் குடுக்க வேணும். குடுக்காட்டி இனி அந்தப் பக்கம் ஒருத்தரும் என்னட்ட எடுக்காயினம். எண்டாலும் எழுதுங்கோ."

பின் ஆசனத்திலிருந்து, பிறகு நாங்கள் நிஸார் நானா என்று கூப்பிடத் தொடங்கிய ஒருவர் எழுந்தார். முல்லைத்தீவில் சிறிய துணிக்கடை வைத்திருப்பவர். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த குடும்பம். "எண்ட மகளும் வகுப்புக்குச் சைக்கிள்லதான் போய்வாறா. நான் கண்டதைச் சொல்றேன், எழுதுங்க." மூன்றாவதாக நான். எனக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினால், தலைப்பாகை கட்டிய, வயல் செய்யும் கமக்காரர், கைக்குழந்தையோடு ஒரு தாய், விசுவமடுவில் ஏறிய இரண்டு இளம் பெட்டைகள் என்று பஸ்ஸே இறங்கிக்கொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினேழு பேர்.

இதற்குள் யாழ்ப்பாண பஸ் ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. அதன் நடத்துநர் எட்டிப் பார்த்து, "நிக்கிற ஆக்கள் வாங்கோ, இடம் இருக்கு!" என்று கூப்பிட்டார். ஏறியிருந்தால் கேக் இரண்டு மணிக்கு முன்பே மண்டபத்தில் இருந்திருக்கும்.

"நீங்களும்தானே கூட ஓடினனீங்கள்," என்றார் ஜெயராணி. ஒருவர்கூட அசையவில்லை. அதைக் கேட்ட கொன்ஸ்டபிள் கொப்பியோடு அந்தச் சாரதியிடமும் போனார்.

பாதிப்பேர் சொல்லி முடித்திருந்தபோது அந்த மோட்டார் சைக்கிள் வந்தது. முன்சக்கர மூடி நெளிந்து, தகப்பனின் முழங்கை உரிந்து, பிள்ளையின் முழங்காலில் கைலேஞ்சி கட்டியிருந்தது. முறைப்பாடு கொடுக்க வந்தவர், எங்கள் வரிசையைக் கண்டு திகைத்து நின்றார்.

"இவ்வளவு பேரும் என்னத்துக்கு நிக்கிறியள்?"

"உங்களுக்காகத்தான், அண்ணை," என்றார் ஜெயராணி.

அந்தத் தகப்பன் ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "பஸ் நம்பர்கூட வடிவாப் பாக்கேல்லை. என்ரை கதையை ஆர் நம்பப்போகினம் எண்டு யோசிச்சுக்கொண்டுதான் வந்தனான்."

சாரதி அந்தப் பிள்ளையின் முழங்காலைப் பார்த்தார். பிறகு அவர் எதையும் மறுக்கவில்லை. "முந்தாட்டி முதலாளி என்னைத்தான் கேப்பார்," என்று மட்டும் சொன்னார். அதுவும் பொய்யில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அதைச் சொல்லி என்ன பயன்?

அனுமதிப்பத்திரத்தைப் பொலிஸார் வைத்துக்கொண்டு, வழக்குத் தவணை வரை ஓட்டத் தற்காலிகப் பத்திரம் கொடுத்தார்கள். "சரி, எல்லாரும் ஏறுங்கோ," என்றார் நடத்துநர். நாங்கள் ஏறவில்லை.

"இவர் ஓட்டினா நாங்கள் வரமாட்டம். முதலாளிக்கு அடியுங்கோ," என்றார் நிஸார் நானா.

தொலைபேசியில் முதலாளி முதலில் சத்தம் போட்டார். பதினேழு பேரும் தெருவில் நிற்பதாகவும், பொலிஸார் பக்கத்தில் இருப்பதாகவும் நடத்துநர் சொன்னதும் குரல் இறங்கியது. அரை மணி நேரத்தில், பக்கத்து ஊரிலிருந்து வேறொரு சாரதி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தலை ஈரமாக இருந்தது. "குளிக்கக்கூட விடேல்லை," என்று முணுமுணுத்தபடி ஆசனத்தைச் சரிசெய்து, கண்ணாடியைத் துடைத்து, நடத்துநரிடம் விசயத்தைக் கேட்டறிந்து, "கேக் எங்க இருக்கு?" என்று கேட்டார். அந்த இடத்தில் நாங்கள் கை தட்டியதை எழுதாமல் விட முடியாது.

முள்ளிவாய்க்காலைத் தாண்டும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை; அங்கே எப்போதும் அப்படித்தான். வட்டுவாகலில் ஒரு நேரத்தில் ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய பழைய பாலத்தில், எதிரே வந்த லொறிக்கு எங்கள் சாரதி பொறுமையாக வழிவிட்டார். யன்னலுக்கு வெளியே நந்திக்கடல் வெயிலில் தகதகத்தது. அந்த வீதியின் அழகை அப்போதுதான் நான் முழுதாகப் பார்த்தேன்.

மூன்றரைக்கு பஸ், மண்டபத்து வாசலிலேயே நின்றது. பெட்டிகளை நாங்கள் கைமாற்றி இறக்கினோம். இரண்டாம் தட்டில் ஒரு ரோசாப்பூ மட்டும் நசிந்திருந்தது. "அதைப் பின்பக்கம் திருப்பி வைப்பம்," என்று ஜெயராணி கண்ணடித்துவிட்டு உள்ளே ஓடினார்.

இனிப் போகிறவர்களுக்கு: மத்தியானத்துக்கு முன் போங்கள், முல்லைத்தீவு பஸ் நிலையத்திலிருந்து கடற்கரைக்கு நடந்தே போகலாம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை இறங்கியவுடனேயே கேட்டு வையுங்கள். தண்ணீரும் தொப்பியும் அவசியம். ஏறும்போது பஸ் இலக்கத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். சாரதி தறிகெட்டு ஓடினால் நடத்துநரிடம் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பொலிஸ் அவசர இலக்கத்துக்கு அடியுங்கள். வாக்குமூலம் கொடுக்கப் பயப்பட வேண்டாம். எனக்குப் பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. தமிழிலேயே எழுதி, வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

வழக்குத் தவணைக்கு நான் மறுபடி முல்லைத்தீவு போனேன். அழைப்பாணை எதுவும் வரவில்லை; ஜெயராணி திகதியைச் சொன்னார், போனேன். அவர் வந்திருந்தார், நிஸார் நானா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார், கமக்காரர், கைக்குழந்தைக்காரி, அந்தத் தகப்பன் என்று பதினொரு பேர் பின்வரிசை வாங்கில்களில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். சாரதி திரும்பி ஒருமுறை எங்களைப் பார்த்தார். பெயர் கூப்பிட்டதும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டமும், ஆறு மாதத்துக்கு அனுமதிப்பத்திர இடைநிறுத்தமும். எங்களில் ஒருவரையும் சாட்சிக்கூண்டுக்குக் கூப்பிடத் தேவைப்படவில்லை.

சிரித்துக் கதைத்தபடி வெளியே வந்தபோது, வாசலில் நின்ற பொலிஸ்காரர் கேட்டார், "நீங்கள் எல்லாரும் ஒரு குடும்பமோ?"

"இல்லை, சேர்," என்றார் ஜெயராணி. "நாங்கள் ஒரு பஸ்ஸில வந்த சனம்."